தோட்டத்துக் காட்டுப் பழங்கள்: அறிதலும் பயன்கொள்ளுதலும்

மழை இரண்டு முறை மண்ணை நன்கு நனைத்துவிட்டால், நாம் விதைக்காத செடிகள் பலவும் நம் தோட்டங்களில் தலையெடுத்துவிடுகின்றன. கிணற்றடியிலும், வாய்க்கால் கரையிலும், எருக்குழி ஓரத்திலும், வேலியின் மீதும் அவை முளைத்துப் பூத்துக் காய்த்துப் பழுக்கின்றன. எங்கோ பழம் தின்ற பறவையின் எச்சத்தால் வந்தவை சில. தொழு உரத்தோடும் மழை நீரோடும் வந்து சேர்ந்தவை சில. கறுப்பாகவும் சிவப்பாகவும் மஞ்சளாகவும் அவற்றில் தொங்கும் பழங்களைக் கண்டதும் நம் உள்ளத்தில் எழும் கேள்வி ஒன்றே: இவற்றை உண்ணலாமா, ஆகாதா?

இக்கேள்விக்கு விடை கூறத்தக்கவர்கள் முன்பு ஒவ்வொரு கிராமத்திலும் பலர் இருந்தனர். ஆடுமாடு மேய்த்த சிறுவரும், களையெடுக்கச் சென்ற பெண்டிரும், மூலிகை பறித்த வைத்தியரும் செடியைக் கண்டவுடன் அதன் பெயரையும் குணத்தையும் கூறுவர். இன்று அவ்வறிவு சில முதியோரிடம் மட்டுமே எஞ்சி நிற்கிறது. வயலையும் வேலியையும் சுற்றித் திரியும் வாய்ப்பு இக்காலப் பிள்ளைகளுக்குக் குறைந்துவிட்டது. ஆயினும் பழத்தைக் கண்டால் பறித்து வாயிலிடும் இயல்பு பிள்ளைகளை விட்டு நீங்கவில்லை. அறிவு குறைந்து ஆசை மட்டும் நிலைத்திருக்கும் இடத்தில்தான் தீங்கு நேர்கிறது.

இருவகை நட்டம்

அறியாமையால் நமக்கு இருவகை நட்டம் உண்டாகின்றது. முதலாவது, நல்லதை இழத்தல். மணத்தக்காளி, சுண்டை, கோவை, களா போன்றவை நீரும் உரமும் கேளாமல் வளர்ந்து கீரையும் காயும் பழமும் தருபவை. இவற்றைக் களையென்று கொத்தி எறிந்துவிட்டு, இவற்றின் வற்றலையே கடையில் காசு கொடுத்து வாங்குகின்ற குடும்பங்கள் பல உள.

இரண்டாவது, தீயதை வளர விடுதல். காட்டாமணக்கு பல ஊர்களில் வேலிப் பயிராக நிற்கின்றது. மஞ்சள் அரளி பூவுக்காகத் தோட்டங்களில் நடப்படுகின்றது. குன்றிக் கொடி வேலியில் தானே படர்கின்றது. பள்ளிக்கூடத்தின் அருகிலும் குழந்தைகள் விளையாடும் திடலின் ஓரத்திலும் இவை நிற்பதை நாம் கண்டும் காணாதவர்போல் இருந்துவிடுகிறோம். காட்டாமணக்கு விதையை நிலக்கடலைபோல் எண்ணித் தின்ற பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராக வாந்தி எடுத்து, கூட்டமாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நிகழ்ச்சிகள் நம் நாட்டில் பல முறை நேர்ந்துள்ளன. ஒரு பிள்ளை பறித்தால் அதனைத் தோழர்களோடு பங்கிட்டுக் கொள்வது இயல்பாதலின், இவ்விபத்து ஒருவரோடு நிற்பதில்லை.

இவ்விரு நட்டங்களையும் தவிர்க்க வழி ஒன்றே. பழத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், செடி முழுவதையும் பார்த்து அறிதல் வேண்டும். அவ்வறிவு ஒருவர் இருவரிடம் தங்கிவிடாமல் ஊர் முழுவதற்கும் பொதுவாதல் வேண்டும்.

நம்பத் தகாத அடையாளங்கள்

உண்ணத்தக்க பழம் எது என்பதற்கு மக்களிடையே சில விதிகள் வழங்கி வருகின்றன. அவற்றுள் பல பிழையானவை. பிழையான விதி, விதியே இல்லாமையினும் கேடு பயப்பது.

“பறவை தின்றால் மனிதரும் தின்னலாம்” என்பர். கிளி மிளகாய்ப் பழத்தைச் சுவைத்துத் தின்பதை நாம் பார்த்திருக்கிறோம். அதன் காரத்தைப் பறவைகள் உணர்வதே இல்லை. எட்டிப் பழத்தின் சதையைச் சில பறவைகள் தின்பதுண்டு. அப்பழத்தின் விதையோ கொடிய நஞ்சு. பறவையின் உடல் வேறு, நம் உடல் வேறு. அன்றியும் பல பறவைகள் விதையைக் கடிப்பதில்லை. பழத்தை அப்படியே விழுங்கி விதையை முழுதாக வெளியேற்றிவிடுகின்றன.

“கசந்தால் நஞ்சு, இனித்தால் உணவு” என்பர். சுண்டைக்காய் கசக்கும், அது நல்ல உணவு. காட்டாமணக்கு விதை நாவுக்கு இனிதாகவே இருக்கும், அது நஞ்சு.

“இலையைக் கிள்ளினால் பால் வடியும் செடி ஆகாது” என்பர். அரளிக்குப் பால் உண்டு, அது நஞ்சு என்பது மெய்யே. ஆனால் களாவுக்கும் பால் உண்டு. அதுவும் அரளியும் தாவர நூலார் வகுத்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அத்தி மரத்துக்கும் பால் உண்டு.

“சமைத்துவிட்டால் நஞ்செல்லாம் போய்விடும்” என்பது மற்றொன்று. வெயில் பட்டுப் பச்சை நிறமேறிய உருளைக்கிழங்கில் சொலனின் என்னும் நஞ்சு மிகுதியாகின்றது. அது சாதாரணச் சமையல் சூட்டில் முற்றிலும் அழிவதில்லை. நம் தோட்டத்துப் பழச்செடிகளுள் பல, உருளைக்கிழங்கின் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை மறத்தலாகாது.

ஆழம் அறியாமல் காலை விடாதே என்பது பழமொழி. சிறிது தின்று பார்த்து அறிவோம் என்னும் சோதனை ஆழமறியாமல் காலை விடுவதற்கு ஒப்பாகும்.

செடியை அறியும் முறை

ஒரு செடியை ஐயமற அறிவதற்கு ஐந்து உறுப்புகளை வரிசையாக நோக்க வேண்டும்.

1. வளரும் முறை: தரையில் நிற்கும் சிறு செடியா, புதரா, பற்றிப் படரும் கொடியா, மரமா? முள் உண்டா? முள் நேரானதா, வளைந்ததா?

2. இலை: இலைகள் எதிரெதிராக உள்ளனவா, மாறி மாறி உள்ளனவா? விளிம்பு எத்தகையது? கிள்ளினால் பால் வடிகிறதா? மயிர் போர்த்திருக்கிறதா?

3. பூ: நிறம் என்ன? இதழ் எத்தனை? தனித்துப் பூக்கிறதா, கொத்தாகவா?

4. காய் நிற்கும் விதம்: ஒரு காம்பில் ஒன்றா, பலவா? காயைச் சுற்றிப் பை போன்ற உறை உண்டா? பச்சையாக இருக்கும்போது என்ன நிறம், பழுத்தபின் என்ன நிறம்? கோடுகள் உண்டா?

5. காயின் உள்ளமைப்பு: ஒரே கொட்டையா, சில விதைகளா, தக்காளியில் உள்ளதுபோல் எண்ணற்ற சிறு விதைகளா?

இவ்வைந்தும் ஒத்து வந்தால் மட்டுமே செடியின் பெயரை உறுதி செய்ய வேண்டும். நான்கு ஒத்து ஒன்று மாறினாலும் அது வேறு செடியாக இருக்கக்கூடும். பூவும் காயும் இல்லாத பருவத்தில் முடிவு செய்ய முயலாமல் அவை தோன்றும் வரை காத்திருத்தல் நன்று. இக்காலத்தில் கைப்பேசியில் படம் பிடித்துச் செடியின் பெயரை அறியும் வசதி உண்டு. அது வழிகாட்ட உதவும். ஆனால் அது கூறும் பெயரை மட்டும் நம்பி ஒரு பழத்தை உண்ணுதல் கூடாது. செடியை நன்கறிந்த ஒருவர் நேரில் கண்டு உறுதி கூற வேண்டும்.

பெயரைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை தேவை. மணத்தக்காளி என்று சில மாவட்டங்களில் வழங்கும் செடி, மிளகுதக்காளி என்று வேறு பகுதிகளிலும், சுக்குட்டிக் கீரை என்று கொங்கு நாட்டிலும் வழங்குகிறது. இவ்வாறே ஒரு பெயர் இரு செடிகளுக்கு வழங்குவதும் உண்டு. ஆதலின் வெளியூரார் கூறும் பெயரைக் கேட்டு முடிவு செய்யாமல், செடியைக் காட்டிக் கேட்டல் வேண்டும்.

உண்ணத்தக்கவை

மணத்தக்காளி: 1 முதல் 3 அடி உயரம் வளரும் முள்ளில்லாச் செடி. இலை மென்மையானது; மாறி மாறி அமைந்திருக்கும். பூ சிறியது, வெண்மையானது, ஐந்து இதழ் கொண்டது. நடுவில் மஞ்சள் நிறம் தோன்றும். ஒரு காம்பின் நுனியிலிருந்து பல காய்கள் கொத்தாகத் தொங்கும். காய் மிளகைவிடச் சற்றுப் பெரியது. உள்ளே எண்ணற்ற சிறு விதைகள் இருக்கும். பழுத்தால் கருநீலமாகும், செம்மஞ்சளாகப் பழுக்கும் வகையும் உண்டு. இலையைக் கீரையாகச் சமைக்கலாம். நன்கு பழுத்த பழத்தை அப்படியே உண்ணலாம். பச்சைக் காயைச் சமைக்காமல் தின்னுதல் கூடாது. அதில் சொலனின் மிகுதி. காயை வற்றலாக்கியோ குழம்பிலிட்டோ அளவாகக் கொள்வதே நம் வழக்கம். வழக்கத்துக்கு மாறாக மிகுந்த கசப்புடைய செடியின் காயை விலக்க வேண்டும். சிறு குழந்தைகளுக்குப் பழுத்ததை மட்டுமே தருக.

சொடக்குத் தக்காளி: இதுவும் சிறு செடியே. பூ வெளிர் மஞ்சள்; இலைக் கக்கத்தில் ஒவ்வொன்றாகப் பூக்கும். காயைச் சுற்றிக் காகிதம் போன்ற பை இருக்கும். பிள்ளைகள் அப்பையை நெற்றியில் அடித்து வெடிக்கச் செய்வதால் இப்பெயர் பெற்றது. பை வைக்கோல் நிறமாகிக் காய் தானே உதிரும்போது உள்ளிருக்கும் மஞ்சள் நிறப் பழம் உண்ணத் தக்கது. பச்சைக் காய் ஆகாது. இதனோடு மயங்கக்கூடியது அமுக்கரா. அதற்கும் பழத்தைச் சூழ்ந்து பை உண்டு. ஆனால் அமுக்கராவின் தண்டும் இலையும் சாம்பல் நிற மயிர் போர்த்தவை. பழங்கள் கக்கத்தில் பல சேர்ந்து நிற்கும். பழத்தின் நிறம் சிவப்பு. அது மருந்துச் செடியே அன்றி உணவுச் செடி அன்று.

சுண்டை: ஆள் உயரமும் அதற்கு மேலும் வளரும் புதர். தண்டில் ஆங்காங்கே முள் உண்டு. இலை அகன்றது, பூ வெண்மை. காய்கள் பச்சையாகக் கொத்துக் கொத்தாக நிற்கும். முற்றிப் பழுக்கும் முன்னரே பறித்துச் சமைக்க வேண்டும். ஒரு புதர் வீட்டில் நின்றால் குடும்பத்தின் தேவைக்குப் போதும்.

கோவை: வேலியில் படரும் கொடி. பூ பெரியது, வெண்மையானது. காய் நீண்டு உருண்டது. பச்சையாக இருக்கும்போது வெண்கோடுகள் உடையது. பழுத்தால் கோடுகள் மறைந்து முழுதும் செந்நிறமாகும். ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. ஆகையால் சில கொடிகள் எவ்வளவு பூத்தாலும் காய்ப்பதில்லை. நன்கு காய்க்கும், கசப்பற்ற கொடியிலிருந்து தண்டு வெட்டி நட்டால் அதே குணம் தொடரும்.

கோவையோடு மயங்கக்கூடியது ஐவிரலி எனப்படும் சிவலிங்கிக் கொடி. அதன் இலை கையின் ஐந்து விரல் போல ஆழப் பிளந்தது. பூ சிறியது, பசுமை கலந்த மஞ்சள் நிறம். காய் கோலிக்குண்டு போல் உருண்டையானது. சிவந்து பழுத்த பின்னும் அதன் மேலுள்ள வெண்கோடுகள் மறைவதில்லை. இதுவே இரண்டையும் பிரித்தறியும் சிறந்த அடையாளம். சிவலிங்கிப் பழம் உண்ணத் தகாதது.

களா: வறட்சியைத் தாங்கும் முட்புதர். இலைகள் எதிரெதிரானவை, முட்கள் இணையாக நிற்கும், கிள்ளினால் பால் வடியும். பூ வெண்மை, நறுமணம் உடையது. காய் பச்சையிலிருந்து சிவந்து, பின் கருஞ்சிவப்பாகிப் பழுக்கும். காய் புளிப்பு மிக்கது, ஊறுகாய்க்குச் சிறந்தது. பழத்தில் பாகு உறையும் தன்மை இருப்பதால் ஜெல்லி செய்ய ஏற்றது. அரளிக்கு முள் கிடையாது. களாவுக்கு முள் உண்டு. பாலைக் கண்டு மயங்காமல் முள்ளையும் காயையும் சேர்த்து நோக்குக.

சூரையும் இலந்தையும்: இவை ஒரே இனத்தவை. சூரைக்கு வளைந்த முட்கள் உண்டு. இலையில் அடியிலிருந்து மூன்று நரம்புகள் தெளிவாக ஓடும். பழம் பட்டாணி அளவினது, கறுப்பு நிறத்தது, ஒரே கொட்டை உடையது. இலந்தையை யாவரும் அறிவர். இலந்தைப் பழத்தை உலர்த்தி, கொட்டை நீக்கி, மிளகாய், புளி, பெருங்காயம், உப்பு சேர்த்து இடித்துத் தட்டிக் காயவைக்கும் இலந்தை வடை பல மாதம் கெடாதிருக்கும்.

விலக்க வேண்டியவை

காட்டாமணக்கு: 8 முதல் 15 அடி வரை வளரும். ஆடுமாடு மேயாததால் வேலிக்கு நடப்பட்டது. 2000-ஆம் ஆண்டுக்குப் பின் சில காலம் எரியெண்ணெய்ப் பயிராகவும் நம் நாட்டில் பெரிதும் ஊக்குவிக்கப்பட்டது. அக்காலத்தில் நட்ட செடிகள் பல இன்றும் கேட்பாரற்று நிற்கின்றன. காய் பச்சையாகத் தோன்றி, மஞ்சளாகிப் பின் கறுத்து உலரும். உள்ளே மூன்று கருநிற விதைகள் இருக்கும். தின்றால் வாந்தியும் வயிற்று வலியும் கடும் பேதியும் உண்டாகும். இதன் இனமாகிய, தளிர் சிவந்த ஆதாளையும் அவ்வாறே தீயது.

குன்றிமணி: வேலியில் படரும் மெல்லிய கொடி. நெற்று வெடித்ததும் கறுப்புக் கண்ணுடைய செந்நிற விதைகள் வெளித் தோன்றும். பொற்கொல்லர் எடையாகப் பயன்படுத்தியது இதுவே. இதன் ஓடு கடினமானது. ஓடு உடைந்தாலோ, மென்றாலோ, துளையிட்டாலோ உள்ளிருக்கும் கொடிய நஞ்சு வெளிப்படும். தின்ற உடனே தீய குறிகள் தோன்றாமல் பல மணி நேரம் கழித்துத் தோன்றுவதும் உண்டு. ஆகையால் பிள்ளை நலமாக இருக்கிறதே என்று வாளாவிருத்தல் கூடாது.

மஞ்சள் அரளி: குழல் போன்ற மஞ்சள் பூவும், ஒடுங்கிய இலையும், முனைப்புகளுடைய பச்சைக் காயும் கொண்டது. இதன் எல்லா உறுப்புகளும் நஞ்சு. விதை மிகக் கொடியது. இதயத் துடிப்பையே தாக்குவது.

உன்னி: பல நிறப் பூக்கள் ஒரே கொத்தில் பூக்கும் புதர். அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு, இன்று காடுகளையும் மேய்ச்சல் நிலங்களையும் மூடிவிட்டது. இதன் பச்சைக் காய் நஞ்சுடையது. கறுத்த பழத்தைப் பிள்ளைகள் தின்பதுண்டு. பச்சைக் காயும் கறுத்த பழமும் ஒரே கொத்தில் கலந்து நிற்பதால், இதனை முற்றும் விலக்குவதே அறிவுடைமை. இலையைத் தின்ற மாடுகளுக்குக் கல்லீரல் கெட்டு, வெயில் பட்ட இடத்தில் தோல் புண்ணாகும். கால்நடை வளர்ப்போர் இதனையும் கருத்திற் கொள்க.

பறித்தலும் பக்குவமும்

நல்ல செடியாயினும் அது நின்ற இடம் நல்லதாக இருத்தல் வேண்டும். பூச்சி மருந்தோ களைக்கொல்லியோ தெளித்த நிலத்திலும், சாக்கடை ஓரத்திலும், போக்குவரத்து மிக்க சாலை ஓரத்திலும் நிற்கும் செடிகளில் பறித்தல் கூடாது. பலவகைக் காய்களை ஒரே பையில் கலந்து பறிக்காமல் ஒவ்வொன்றையும் தனித்தனியே பறிக்க வேண்டும். முதன்முறை உண்பவர் சிறிதளவே உண்ண வேண்டும். நல்ல உணவும் சிலர் உடலுக்கு ஒவ்வாமற் போவதுண்டு. கருவுற்ற மகளிரும் நோய்க்கு மருந்து உண்பவரும் தமக்குப் பழக்கமில்லாத காயை மருத்துவரைக் கேளாமல் உண்ணலாகாது.

மணத்தக்காளி வற்றல் போடும் முறை எளியது. நன்கு திரண்ட பச்சைக் காய்களைக் காம்பு நீக்கிக் கழுவி, உப்புச் சேர்த்த புளித்த மோரில் மூழ்கும்படி இரவு முழுதும் ஊறவைக்க வேண்டும். காலையில் காய்களை வடித்து வெயிலில் உலர்த்த வேண்டும். மாலையில் அதே மோரில் மீண்டும் இட வேண்டும். மோர் முழுதும் வற்றும் வரை மூன்று நான்கு நாட்கள் இவ்வாறு செய்து, பின் கலகலவென ஒலிக்கும்படி உலர்த்திக் காற்றுப் புகாத கலத்தில் சேமிக்கலாம். சுண்டைக்காயாயின் ஊறவைப்பதற்கு முன் லேசாகத் தட்டி அலசிக்கொள்ள வேண்டும். அப்பொழுதுதான் உப்பும் மோரும் உள்ளே செல்லும். ஈரம் எஞ்சியிருந்தால் பூசணம் பிடிக்கும். பூசணம் பிடித்த வற்றலை மீண்டும் காயவைத்து உண்ணாமல் எறிந்துவிடுக.

களாக்காயை இரண்டாகப் பிளந்து விதை நீக்கி, உப்பும் மஞ்சளும் கலந்து இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, மிளகாய்த் தூள், வறுத்த வெந்தயப் பொடி, பெருங்காயம், காய்ச்சிய நல்லெண்ணெய் ஆகியவற்றைச் சேர்த்தால் நல்ல ஊறுகாய் ஆகும். மகளிர் சுய உதவிக் குழுக்கள் இப்பண்டங்களைச் செய்து விற்க முன்வந்தால், விற்பனைக்கு முன் உணவுப் பாதுகாப்புத் துறையில் முறைப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும்.

களாவை வேலியாக வளர்க்க விரும்புவோர், பழுத்த பழத்திலிருந்து எடுத்த புது விதையையே விதைக்க வேண்டும். பழைய விதை முளைப்பதில்லை. நாற்று வளர்ந்தபின் மழைக்காலத்தில் 2 அடிக்கு ஒன்றாக நட்டால் ஆடுமாடு புகாத அடர்ந்த வேலியாகும். ஏறத்தாழ மூன்றாம் ஆண்டு முதல் காயும் கிடைக்கும். காட்டாமணக்கு செய்த காவலைக் களாவும் செய்யும். அதற்கு மேல் உணவும் தரும்.

தீங்கு நேர்ந்தால்

பிள்ளை ஒன்று அறியாத பழத்தையோ விதையையோ தின்றுவிட்டதெனத் தெரிந்தால், முதலில் வாயில் எஞ்சியதை அகற்றி வாயைக் கொப்பளிக்கச் செய்ய வேண்டும். உப்பு நீர் கொடுத்தோ தொண்டையில் விரலிட்டோ வாந்தி எடுக்கச் செய்தல் கூடாது. அது மூச்சுக் குழலில் புகுந்து பெருங்கேடு விளைவிக்கும். மயக்கமுற்றிருந்தால் வாய் வழியாக எதுவும் கொடுக்கலாகாது. ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். நாட்டு மருந்து தேடிக் காலத்தைக் கழிக்காமல் 108 ஊர்தியை அழைக்க வேண்டும்.

மருத்துவமனைக்குச் செல்லும்போது, தின்ற காயில் எஞ்சியதையும், இலையும் பூவும் கூடிய ஒரு கிளையையும் உடன் எடுத்துச் செல்க. எத்தனை தின்றது, எத்தனை மணிக்குத் தின்றது என்பதைக் கூறுக. எந்த நஞ்சு என்பது தெரிந்தால் மருத்துவரின் பணி எளிதாகும். உடன் விளையாடிய பிள்ளைகள் யாவரையும் விசாரித்தறிதலும் இன்றியமையாதது. அடிக்கு அஞ்சி ஒளிக்கும் பிள்ளையைக் கடிந்து கொள்ளாமல் அன்போடு கேட்க வேண்டும். உண்மை தெரிவதே அப்போதைய தேவை.

பஞ்சாயத்தின் கடமை

இவ்வறிவை ஊர்ப் பொதுவாக்கும் பொறுப்பு பஞ்சாயத்துக்கு உரியது. இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை.

முதலாவதாக, பள்ளிக்கூடம், அங்கன்வாடி, விளையாட்டுத் திடல், குடிநீர்த் தொட்டி ஆகியவற்றைச் சுற்றி நிற்கும் செடிகளை வார்டு உறுப்பினர்கள் ஆண்டுக்கு இருமுறை நேரிற் சென்று பார்வையிட வேண்டும். காட்டாமணக்கும் மஞ்சள் அரளியும் குன்றிக் கொடியும் அங்கே இருப்பின் வேருடன் அகற்றச் செய்ய வேண்டும். அகற்றியவற்றை விதையோடு தெருவோரத்தில் குவித்து வைத்தல் கூடாது.

இரண்டாவதாக, நாட்டின் உயிரியற் பன்மைச் சட்டம், 2002, ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும் பல்லுயிர் மேலாண்மைக் குழு ஒன்றை அமைக்க வேண்டும் என்று 41-ஆம் பிரிவில் கூறுகின்றது. ஊரிலுள்ள செடிகொடிகளையும் அவற்றைப் பற்றி மக்கள் அறிந்தவற்றையும் குறித்து வைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு, அக்குழுவின் பணிகளுள் ஒன்று. இப்பதிவேட்டைத் தாள் நிரப்பும் சடங்காகக் கொள்ளாமல், ஊரின் முதியோரை அழைத்துச் சென்று, ஒவ்வொரு பழச்செடியின் வட்டாரப் பெயர், அடையாளம், பயன், தீமை ஆகியவற்றை எழுதி வைத்தால் அது வருங்காலத்துக்கு உரிய செல்வமாகும். முதியோர் மறைந்தபின் எழுத நினைப்பதில் பயனில்லை.

மூன்றாவதாக, ஐயமான செடிகளை ஆராய்ந்து பெயர் காண அறிஞர் உதவியைப் பெறலாம். அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையும், கல்லூரித் தாவரவியல் துறையையும் அணுகலாம். இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் தென் மண்டல மையம் கோயம்புத்தூரில் 1955 முதல் இயங்கி வருகின்றது. உலர்த்திப் பாதுகாத்த தாவர மாதிரிகள் பெருந்தொகையாக அங்கு உள்ளன. இலை, பூ, காய் மூன்றும் உள்ள கிளையைச் செய்தித்தாளுக்கு இடையில் வைத்து அழுத்தி உலர்த்தி, கிடைத்த இடத்தையும் நாளையும் எழுதி எடுத்துச் செல்வதே முறை.

நான்காவதாக, தமிழ்நாட்டில் கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கூடுகின்றது. மழைக்குப் பின் செடிகள் காய்த்து நிற்கும் நவம்பர்க் கூட்டத்தில், நல்ல பழச்செடிகளின் கிளைகளை ஒரு மேசையிலும் தீயவற்றின் கிளைகளை மற்றொரு மேசையிலும் பெயர் எழுதி வைத்துக் காட்டலாம். ஆசிரியர்கள் மறுநாள் அவற்றையே மாணவர்களுக்குக் காட்டலாம். தீய காய்களைப் பிள்ளைகள் கையில் கொடாமல், காட்டி முடிந்தவுடன் புதைத்துவிட வேண்டும். படத்தில் நூறு முறை கண்டதைக் காட்டிலும் கண்ணெதிரே ஒரு முறை கண்டது மனத்தில் நிற்கும்.

ஐந்தாவதாக, பள்ளித் தோட்டங்களில் மணத்தக்காளியும் சுண்டையும் கோவையும் ஒரு பாத்தியேனும் இடம் பெறச் செய்யலாம். தம் கையால் நீர் ஊற்றி வளர்த்த செடியைப் பிள்ளைகள் ஒருபோதும் மறவார். அதனைப் போன்ற வேறு செடியைக் கண்டால் வேற்றுமையையும் உடனே உணர்வர்.

களை என்பதும் பயிர் என்பதும் பெரும்பாலும் நம் அறிவைப் பொறுத்தவை. அறிந்தவனுக்கு மணத்தக்காளி உணவு. அறியாதவனுக்கு அது களை. அறிந்த ஊரில் குன்றிமணி தராசுத் தட்டோடு நின்றுவிடும். அறியாத ஊரில் அது பிள்ளையின் வாய்க்குள் சென்றுவிடும். இவ்வாண்டு மழை ஓய்ந்து வெயில் தெளிந்தவுடன், ஒவ்வொரு விவசாயியும் தம் தோட்டத்தின் நான்கு வேலிகளையும், ஒவ்வொரு பஞ்சாயத்து உறுப்பினரும் தம் வார்டையும் ஒரு முறை சுற்றி வந்து பார்ப்பாராக. நல்லவற்றைக் காத்து, தீயவற்றை நீக்கி, இரண்டையும் பிரித்தறியும் அறிவைப் பிள்ளைகளுக்கு அளிப்போமாயின், விதைக்காமலே விளையும் இச்செல்வம் அச்சமின்றி நம் இல்லங்களுக்கு வந்து சேரும்.